ஒற்றைக் கோட்டை நம்பிய நாற்பது ஆண்டு

1894-ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தை மின்சாரத்தால் இயக்கினார்கள். மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்துமலைக் கோயிலை நிறுவிய அதே தம்புசாமி பிள்ளைதான் இவர்.

இன்று ரவாங்கில் இரவு நேரத்தில் ஒரு மேட்டில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் விளக்குகள். அவற்றுள் ஒன்றைச் சுட்டிக்காட்டி, அது எவ்வளவு தூரத்தில் எரிகிறது என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. அடுத்த தாமானில் எரியும் சின்ன விளக்காகவும் இருக்கலாம்; செரெண்டா பக்கம் எரியும் பெரிய விளக்காகவும் இருக்கலாம். வானியல் அறிஞர்களின் தலைவலியும் இதுவேதான்.

இந்தத் தலைவலிக்கு ஒரு மருந்து உண்டு. நெடுஞ்சாலைகளில் பல காலம் எரிந்த மஞ்சள் நிற சோடியம் விளக்கின் ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால், சோடியத்துக்கே உரிய கோடுகள் பளிச்சென்று தெரியும். அது போலவே விண்மீன் திரள்களின் ஒளியிலும் ஹைட்ரஜன், ஆக்சிஜன், மக்னீசியம் ஆகியவற்றின் கோடுகள் உண்டு. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் வழியிலேயே நீண்டு, கோடுகள் சிவப்பு நிறப் பக்கம் நகர்ந்து விடுகின்றன. இதுதான் செம்பெயர்ச்சி. கோடு எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும்.

ஆனால், பழைய குண்டு பல்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கோடும் இராது. ஒரே சீரான வானவில்தான். பிளேசர் என்ற விண்பொருள்களில் பலவும் இந்தக் குண்டு பல்பு ரகம்.

பிளேசர் என்பது தொலைதூர விண்மீன் திரள் ஒன்றின் நடுவில் இருக்கும் மாபெரும் கருந்துளை. அதிலிருந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பீறிடும் தாரை, தற்செயலாகப் பூமியை நோக்கியே திரும்பியிருக்கும். வானொலி அலை முதல் காமா கதிர் வரை அதிலிருந்து கொட்டுகிறது. எதிரே வரும் காரின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்யும்போது காரின் பதிவெண் தெரியுமா? அந்தக் கதைதான். தாரையின் பிரகாசத்தில் திரளின் கோடுகள் மூழ்கிப் போகின்றன.

இந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றை அறிஞர்கள் முதலில் அடையாளம் காணவில்லை. 1929-இல் ஜெர்மானியரான குனோ ஹோஃப்மைஸ்டர், ஒளி கூடிக் குறையும் சாதாரண நட்சத்திரம் என்று அதைப் பதிவு செய்தார். பி.எல். லாசர்ட்டே என்று பெயரும் கிடைத்தது. 1968-இல்தான் அது வானொலி அலை வீசும் பொருள் என்று தெரிந்தது. 1974-இல் ஓக், கன் என்ற இருவர் நடுவிலுள்ள கூசும் ஒளியை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள மங்கல் ஒளியை மட்டும் சேகரித்து அளந்தார்கள். 'நட்சத்திரம்' சுமார் 90 கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் இருந்தது!

1978-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இப்பொருள்களுக்கென்றே ஒரு மாநாடு நடந்தது. பிளேசர் என்ற பெயரை எட் ஸ்பீகல் அங்குதான் சூட்டினார். ஆண்ட்ரோமீடா விண்மீன் குழுவின் திசையில் உள்ள 3சி 66ஏ என்ற பிளேசரின் செம்பெயர்ச்சி 0.444 என்ற அளவீடும் அதே மாநாட்டில்தான் வெளிவந்தது. ஜோசஃப் மில்லர், ஃபிரெஞ்ச், ஸ்டீவன் ஹாலி ஆகிய மூவரின் உழைப்பு அது. அவர்களுக்குக் கிடைத்தது மங்கலான ஒரே ஒரு கோடு. அதை மக்னீசியத்தின் கோடு என்று கொண்டால் 0.444 வரும். ஆனால், அப்படி ஒரு கோடு உண்மையில் இருக்கிறதா என்பதே உறுதியில்லை, இந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று அவர்களே எச்சரித்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையைப் பலர் விட்டுவிட்டார்கள். பட்டியலுக்குப் பட்டியல் 0.444 ஏறியது. ஒளி கிளம்பி 470 கோடி ஆண்டு ஆயிற்று என்பது அதன் பொருள்.

ஓர் எண் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். விண்வெளி முழுவதும் நட்சத்திரங்கள் உமிழ்ந்த பழைய ஒளி மங்கலாகப் பரவியிருக்கிறது. மிகுந்த ஆற்றலுள்ள காமா கதிர் அதன் மீது மோதினால் எலக்ட்ரான், பாசிட்ரான் என்று இரண்டாக மாறி மறைந்துவிடும். தூரம் கூடக் கூட இழப்பும் கூடும். ஆகவே தூரம் தவறினால் கிளம்பிய கதிரின் கணக்கும் தவறும். அந்தப் பழைய ஒளியின் கணக்கும் தவறும்.

3சி 66ஏ விஷயத்தில் குழப்பம் நேரடியாகவே வந்தது. கேம்பிரிட்ஜ் பட்டியலில் ஒற்றைப் பொருளாகப் பதிவான 3சி 66, பிறகுதான் இரண்டு என்று தெரிந்தது. பக்கத்திலேயே தெரியும் 3சி 66பி, சுமார் 30 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் உள்ள வேறொரு திரள். 2007-இல் லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கி அந்தத் திசையிலிருந்து காமா கதிர்களைக் கண்டது. அத்தனை தூரத்து 3சி 66ஏ-விலிருந்து இவ்வளவு ஆற்றலுள்ள கதிர்கள் தப்பி வருவது கடினம். காட்டிய இடமும் சற்றே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அதனால் 3சி 66பி-யே காரணமாக இருக்கலாம் என்று அக்குழு கருதியது. அமெரிக்காவின் வெரிட்டாஸ் குழு 2008-இல் கண்ட கதிர்களோ 3சி 66ஏ-வையே சுட்டின. சில ஆண்டுகளில் மேஜிக் குழுவும் 3சி 66ஏ-விலிருந்து வந்த கதிர்களைப் பதிவு செய்தது.

முடிச்சு அவிழ்ந்த விதத்தை ரவாங் ரயில் பயணிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். தஞ்சோங் மாலிம் பக்கமிருந்து வரும் ஒருவர் எங்கே ஏறினார் என்று தெரியவில்லை. அவர் டிக்கெட்டில் செரெண்டா, பத்தாங் காலி முத்திரைகள் இருக்கின்றன. கோலகுபு பாரு முத்திரை இல்லை. அவர் பத்தாங் காலியிலோ அதைக் கொஞ்சம் தாண்டியோ ஏறியிருக்க வேண்டும் அல்லவா? பிளேசரின் ஒளி வரும் வழியில் உள்ள ஹைட்ரஜன் மேகங்களும் இப்படி முத்திரை குத்துகின்றன. 2013-இல் ஏமி ஃபர்னிஸ் குழுவினர் ஹப்பிள் தொலைநோக்கியால் இந்த முத்திரைகளைப் படித்தார்கள். செம்பெயர்ச்சி 0.3347-க்குக் குறையாது, 0.41-ஐத் தாண்டாது என்று முடிவு வந்தது. 0.444 அடிபட்டுப் போனது.

இதில் ஒரு விசித்திரம். 1978 அளவீட்டில் பெயர் உள்ள ஸ்டீவன் ஹாலி, அதே ஆண்டில் விண்வெளி வீரராகத் தேர்வானவர். 1990 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தின் இயந்திரக் கையை இயக்கி, ஹப்பிள் தொலைநோக்கியை விண்ணில் விட்டவர் அவர்தான்.

2018-இல் அந்தப் பிளேசரைச் சுற்றியுள்ள திரள்களின் தூரம் அளக்கப்பட்டது. அவை 0.340 என்ற செம்பெயர்ச்சியில் ஒரு கூட்டமாக இருந்தன; பிளேசரும் அக்கூட்டத்தில் ஒன்று என்று கொள்ளப்பட்டது. 470 கோடி ஆண்டு 390 கோடியாகக் குறைந்தது.

அதே காலத்தில் இன்னொரு பிளேசர் உலகச் செய்தியாயிற்று. 2017 செப்டம்பர் 22-ஆம் நாள் தென் துருவப் பனிக்கடியில் உள்ள ஐஸ்கியூப் கருவியில் ஒரு நியூட்ரினோ சிக்கியது. அது வந்த திசையில் டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற பிளேசர் காமா கதிர்களை வீசிக்கொண்டிருந்தது. ஆனால், அதன் தூரம் தெரியாது. தூரம் தெரியாமல் அதன் உண்மையான ஆற்றலைக் கணிப்பது எப்படி? சிமோனா பையானோ குழுவினர் லா பால்மாவின் 10.4 மீட்டர் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார்கள். ஆக்சிஜனும் நைட்ரஜனும் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. செம்பெயர்ச்சி 0.3365. ஒரு கோடல்ல, பல கோடுகள் ஒரே எண்ணைச் சொன்னதால் அதில் ஐயம் எழவில்லை.

காமா கதிர் ஆய்வில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. டாட்டா ஆய்வுக் கழகத்தினர் 1970-களில் ஊட்டியில் கண்ணாடிகளை நிறுத்தி, காமா கதிர்கள் வளிமண்டலத்தில் எழுப்பும் நீல ஒளியைத் தேடினார்கள். பின்னர் அப்பணி பச்மடிக்கும், அங்கிருந்து லடாக்கின் ஹான்லேக்கும் சென்றது. 2024 அக்டோபரில் அங்கே 21 மீட்டர் அகலமுள்ள மேஸ் தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டது. அதே ஹான்லேயில் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் ஒளித் தொலைநோக்கியும் இருக்கிறது. காமா கதிரைப் பிடிக்க ஒன்று, நிறமாலையைப் பிரிக்க மற்றொன்று. ஃபெர்மி செயற்கைக்கோள் கண்டெடுத்த பி.எல். லாசர்ட்டே வகைப் பிளேசர்களில் மிகப் பலவற்றுக்கு இன்னும் செம்பெயர்ச்சி என்ற கட்டம் காலியாகவே கிடக்கிறது.