தேநீர்க் கடைக்காரர் வளர்த்த நிரலாளர்கள்

நிரலாளருக்கு வணிகம் கற்பிக்க வேண்டுமா, தூய தொழில்நுட்பமே போதுமா என்ற வாதம் கணினித் துறையினரிடையே ஓய்வதில்லை. புதிய வாதம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் வணிகக் கணக்கைக் கணினியிடம் முதன்முதலில் ஒப்படைத்தவர்களே இதற்குத் தமக்கென ஒரு விடை கண்டிருந்தனர்.

அவர்கள் தேநீர்க் கடைக்காரர்கள்! பிரித்தானியாவெங்கும் தேநீர்ச் சாலைகளும் வெதுப்பகங்களும் நடத்திய ஜே. லயன்ஸ் கம்பனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினிக்கு 3,000 பவுண் உதவி வழங்கி, அதன் மாதிரியில் 'லியோ' என்ற கணினியைத் தானே கட்டியது. 1951 நவம்பரில் வெதுப்பகக் கணக்கு அதில் ஓடியது. 1954இல் ஊழியர் சம்பளக் கணக்கும் அதற்கு மாறியது.

இயந்திரத்தைக் கட்டிய ஜோன் பிங்கர்ட்டன் பௌதிகவியலாளர். நிரல் எழுதும் பிரிவை வழிநடத்திய டேவிட் கெய்மினரோ 1936 முதல் அக்கம்பனியில் பணியாற்றி, அதன் அலுவலக நடைமுறைகளை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர். நிரலாளரைத் தேடி அவர்கள் வெளியே அலையவில்லை. தம் ஊழியர்களுக்கே தேர்வுப் பயிற்சி வைத்துப் பொறுக்கினர். மேரி கூம்ஸ் பிரெஞ்சு மொழிப் பட்டதாரி. பிராங்க் லாண்ட் பொருளியல் கற்றவர். நிரல் எழுதுவதைச் சில மாதங்களில் கற்பிக்கலாம், கம்பனியின் வேலையை அப்படிக் கற்பிக்க முடியாது என்பதே அவர்களது கணிப்பு என நான் விளங்கிக்கொள்கிறேன். (வணிகம் அறிந்த அதே கம்பனி 1960களில் கணினித் தொழிலையே கைவிட்டது வேறு கதை.)

மாங்குளம் சந்தியில் நிற்பவருக்கு இவ்வாதம் ஏ9 வீதியின் இரு திசைகளிலும் தெரியும். தெற்கே வவுனியாவில் 1997இல் உருவான வளாகம், பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள் என இரு பீடங்களுடன் வளர்ந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வடக்கே கிளிநொச்சி அறிவியல்நகரில் 2014இல் தொடங்கிய யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே வயலும் அரிசி ஆலையும்.

வன்னியில் நான் கண்ட ஓர் ஆலைக்கு எழுதப்பட்ட மென்பொருள், ஆண்டை ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடித்தது. காலபோகமோ ஓராண்டு மழையில் விதைத்து மறு ஆண்டு அறுப்பது. விதைநெல்லுக்குக் கொடுத்த கடன் ஓராண்டிலும் வசூல் மறு ஆண்டிலுமாகப் பிரிந்து, கடனாளி அல்லாதவரும் கடனாளியானார். மூடைக்கு ஒரே நிறை என்று வைத்திருந்தனர். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதம் கேட்கும்போது, களத்திலிருந்து ஈரத்தோடு வரும் நெல்லுக்குக் கழிவு போட இடமே வைக்கவில்லை.

எழுதிய இளைஞர் கெட்டிக்காரர்தான். நிரலில் பிழை ஒன்றுமில்லை. அவரை ஒரு போகம் முழுவதும் தராசடியில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பேன். வகுப்பறை வணிகப் பாடம் அதைத் தராது. அங்கே கற்பிப்பது கம்பனிச் சட்டமும் ஐந்தொகையும். ஆனால் தராசடியில் எத்தனை நாள் இருந்தாலும் தரவுத்தளம் அமைக்க வராது. அதற்குப் பல்கலைக்கழகமே வேண்டும்.

அந்த ஆலையில் ஈரக்கழிவை இன்னமும் பற்றுச்சீட்டின் ஓரத்தில் பேனாவால்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.