ரெக்கவரி லாரி: மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா? ஒரு நூற்றாண்டுக் கணக்கு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். ஒரு காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 66 என்று இருந்த இந்தச் சாலைக்கு, 2010 எண் மாற்றத்துக்குப் பிறகு 77 என்று பெயர். கிருஷ்ணகிரி பக்கமிருந்து வரும் சரக்கு லாரிகளும், பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் வரும் பேருந்துகளும் இதே வழியில்தான் போகின்றன. இந்த மாதிரி ஒரு சாலையில், நடுராத்திரியில், லோடு லாரி ஒன்று ஆக்ஸில் உடைந்து நின்றுவிட்டால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டும். அப்போது எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரே ஒரு வண்டியைத்தான்... ரெக்கவரி லாரி!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழுதான வண்டியை இழுக்க வரும் ரெக்கவரி லாரி, பல நேரங்களில் பழுதான வண்டியைவிட வயதில் மூத்ததாக இருக்கும். சரக்கு ஏற்றி ஓய்ந்துபோன லாரியின் பின்பக்கத்தில் கிரேனும் வின்ச்சும் பொருத்தி, ‘இனி நீ இழு’ என்று இரண்டாவது வாழ்க்கை கொடுத்திருப்பார்கள். அந்த வண்டியின் முதலாளியை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்றுதான். இதை வைத்து ஓட்டுவதா, விற்றுவிட்டுப் புதுசு வாங்குவதா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. காலத்துக்குக் காலம் விடையும் மாறியிருக்கிறது.

முதல் இழுவை வண்டியே பழசுதான்

1916ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்ற ஊர். அங்கே ஓடையில் விழுந்த ஒரு ஃபோர்டு காரை வெளியே எடுக்க எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக்கை அழைத்தார்கள். கயிறு, கட்டை, ஆள்பலம் எல்லாம் போட்டு மணிக்கணக்கில் போராடித்தான் அந்தக் காரை மேலே கொண்டுவர முடிந்தது. அந்த அலுப்பில் பிறந்ததுதான் இழுவை வண்டி. 1913 மாடல் காடிலாக் கார் ஒன்றின் மேல் கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்தினார் ஹோம்ஸ். பின்னாளில் அந்தத் தூக்கும் கருவியையே தொழிலாகத் தயாரித்து விற்றார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் புது வண்டி செய்யவில்லை. இருந்த வண்டியின் மேல் கருவியை ஏற்றினார். வண்டி வேறு, கருவி வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

லாரியே கிடைக்காத காலம்

நம் நாட்டில் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல் லாரி’ என்று பேர் வாங்கியவை இவைதான். சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எண்ணூரில் ‘காமெட்’ லாரிகளைப் பூட்டத் தொடங்கிய அந்த நிறுவனம், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்சோடு ஒப்பந்தம் போட்டு லாரி தயாரித்தது. அந்த ஒப்பந்தம் 1969 வரை நீடித்தது.

எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதையே அரசு உரிமம் தீர்மானித்த காலம் அது. காசு இருந்தாலும் உடனே புது லாரி கிடைக்காது. அப்படியிருக்க, ‘பழசை மாற்றலாமா?’ என்ற கேள்விக்கே இடம் ஏது? போர் காலத்து வண்டியும் ஓடியது, காமெட்டும் ஓடியது. பம்ப் கெட்டால் மைக்கோ பம்ப் பார்ப்பவர், இன்ஜின் கெட்டால் போரிங் பட்டறை, சேசிஸ் விரிசல் விட்டால் வெல்டிங். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழில் வேரூன்றியதற்கு இந்தப் பட்டறை அறிவும் ஒரு காரணம்.

ஆக, அந்தக் காலத்து விடை எளிமையானது. ஸ்பேர் கிடைக்கும் வரை வண்டி சாகாது!

ராணுவத்துக்கும் வந்த கேள்வி

இதே தலைவலி இந்திய ராணுவத்துக்கும் வந்தது. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் 1959 முதல் ‘சக்திமான்’ லாரி தயாரானது. ஆளையும் சரக்கையும் ஏற்றிய அந்த வண்டிதான் பீரங்கியையும் இழுத்தது. 1965, 1971 போர்கள் இரண்டையும் அது பார்த்துவிட்டது. தயாரிப்பு நின்றது 1996இல். அதாவது 37 ஆண்டுகள்! அதன் இடத்துக்கு அசோக் லேலண்டின் ‘ஸ்டாலியன்’, டாடாவின் வண்டிகள் வந்தன. சக்திமான் ஓடாமல் போய்விடவில்லை. வடிவமைப்பு பழசாகிவிட்டது, வேலை மாறிவிட்டது. அதனால்தான் மாற்றினார்கள்.

பாரம் ஏறிய கதை

சாலையிலும் இதேதான் நடந்தது. ஒரு காலத்தில் லாரி என்றாலே ஆறு சக்கரம். இன்றோ பத்து, பன்னிரண்டு, பதினான்கு சக்கரம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அசோக் லேலண்டின் ஒரு மாடலுக்கு வைத்த ‘டாரஸ்’ என்ற பேர், தமிழ்நாட்டில் பெரிய லாரிகளுக்கே பொதுப் பெயராகிவிட்டது. போதாததற்கு 2018 ஜூலையில் மத்திய அரசு அனுமதி எடையையும் உயர்த்தியது. இரண்டு ஆக்ஸில் லாரிக்கு 16.2 டன் என்பது 18.5 டன் ஆனது. மூன்று ஆக்ஸில் லாரிக்கு 25 டன் என்பது 28.5 டன் ஆனது.

இதனால் ரெக்கவரி லாரிக்கு என்ன? யோசித்துப் பாருங்கள். லோடு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும்போது அந்த எடை முழுவதும் இழுக்கும் லாரியின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குகிறது. ஏற்றப்பலகை மாதிரி அதன் முன்பக்கம் லேசாகிறது. முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. இன்ஜின் நின்றுபோன வண்டியில் காற்று ஏறாது என்பதால் அதன் பிரேக்கையும் நம்ப முடியாது. ஆகவே இரண்டு வண்டியின் பாரத்தையும் நிறுத்த வேண்டியது ஒரே லாரியின் பிரேக்! இழுக்கும் சக்தி குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். நிறுத்தும் சக்தி குறைந்தால் உயிர் போகும்.

புது லாரிகளில் 2015 முதல் ஏ.பி.எஸ். கட்டாயமானது. பழைய ரெக்கவரி லாரியில் அது இருக்காது. வண்டிக்கு வயதானது மட்டும் பிரச்சினை இல்லை. அது கட்டப்பட்ட நாளில் சாலையில் இல்லாத எடையை இன்று இழுக்க வேண்டியிருப்பதுதான் பிரச்சினை.

சட்டம் உள்ளே வந்தது

மூன்றாவது விடை சட்டத்திலிருந்து வந்தது. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 வந்தது. 2021 ஆகஸ்டில் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை தொடங்கப்பட்டது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தானது.

தனியாருக்கு இது கட்டாயம் இல்லை, எஃப்.சி.யில் தேறினால் ஓட்டலாம் என்பதுதான் அந்தக் கொள்கை. ஆனால் 15 ஆண்டு தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 12,500 ரூபாய் ஆக்கியது 2021 அக்டோபர் அறிவிப்பு. கழித்தால் கிடைப்பது என்ன? அதே ரகப் புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் என்று கொள்கை கணக்கிட்டது. புது வண்டி 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 1.2 முதல் 1.8 லட்சம். காயலான் கடைக்காரரிடம் பேரம் பேசுவதற்கு இது ஒரு அளவுகோல், அவ்வளவே. மீதியெல்லாம் கடன்!

இங்கேதான் சிறு ஊர் முதலாளிக்குச் சிக்கல். சரக்கு லாரி தினமும் ஓடும், தவணை கட்டும். ரெக்கவரி லாரி அப்படி இல்லை. யாருக்கோ கெட்ட நேரம் வந்தால்தான் அதற்கு வேலை. வேலை வராத மாதத்திலும் வங்கி தவணையைக் கேட்கும். பழைய வண்டியோ கடன் தீர்ந்தது, தெரிந்த மெக்கானிக் கைபட்டது. பி.எஸ். 6 வண்டி புகையில் சுத்தம்தான். ஆனால் சென்சார் கோளாறு வந்தால் பக்கத்துப் பட்டறையில் தீராது, கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் விடை என்ன?

ஒரு காலத்தில் ஸ்பேர் முடிவு செய்தது. பிறகு பாரம் முடிவு செய்தது. இப்போது சட்டமும் சேர்ந்து முடிவு செய்கிறது. வண்டியின் வயது தனியாக நின்று எந்தக் காலத்திலும் முடிவு செய்ததில்லை. இழுக்கப்போகும் வண்டியின் எடை என்ன, அதைச் சரிவில் நிறுத்த இந்த பிரேக்கால் முடியுமா என்பதே முதல் கேள்வி. வேன், டிராக்டர், ஆறு சக்கர லாரி வரைக்கும்தான் வேலை என்றால், பிரேக்கும் சேசிஸும் சரியாக இருக்கிற பழைய வண்டியை வைத்துக்கொள்வதில் தவறில்லை. லோடு ஏற்றிய டாரஸை இழுக்க வேண்டும் என்றால், எத்தனை பாசம் இருந்தாலும் அந்த வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. அது ஹோம்ஸ் காட்டிய வழி. கருவி வேறு, வண்டி வேறு! கிரேனும் வின்ச்சும் நல்ல நிலையில் இருந்தால், வயது குறைந்த, எடை தாங்கும் பெரிய சேசிஸ் ஒன்றைப் பழைய வண்டிச் சந்தையில் வாங்கி அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். இப்படி மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். ஏற்றும் கிரேனின் எடையை அந்த சேசிஸ் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுராத்திரியில் சாலையோரம் நிற்கும் டிரைவருக்கு வருகிற வண்டி புதுசா பழசா என்பது ஒரு கேள்வியே இல்லை. கட்டி இழுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. முதலாளியும் அந்த இடத்தில் நின்று யோசித்தால் விடை தானாகவே கிடைக்கும்.