சோலை பிறந்த கதை

நீலகிரியிலும் பழனி மலையிலும் 1,800 மீட்டருக்கு மேலே போனால் மலையின் தோற்றமே மாறிவிடும். மேடுகளெல்லாம் புல்வெளி. இரண்டு சரிவுகள் கூடும் மடிப்புகளில் மட்டும், நீரோடையை ஒட்டி, அடர்ந்த மரக்கூட்டம். அதுதான் சோலை. இத்தனை மழை பெய்யும் மலையில் மரங்கள் ஏன் மடிப்பை விட்டு வெளியே வரவில்லை?

மனிதர்கள் காட்டை வெட்டி, மேய்ச்சலுக்காகத் தீ வைத்ததால்தான் புல்வெளி உண்டானது என்று பலர் நம்பினார்கள். ஆனால் உண்மையான விடை சதுப்பு மண்ணில் கிடைத்தது. நீலகிரியின் சதுப்புகளில் செத்த செடிகொடிகள் முழுதாக மட்காமல், கறுத்த அடுக்குகளாகப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து கிடக்கின்றன. மரமும் இந்த மலைப்புற்களில் பலவும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு மட்கிலும் தங்கிவிடுகிறது. அதை அளந்து சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் 1993-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, மலை வறண்டு புல் ஓங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மரங்கள் பெருகின. மழை தளர்ந்த காலங்களில் புல் மறுபடி இடம் பிடித்தது. கோடரி வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே புல் இருந்தது.

இன்றும் புல்லுக்கும் சோலைக்கும் இடையிலான எல்லையைக் காப்பது உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளியில் வெப்பமெல்லாம் வானத்துக்குப் போய்விட, விடியும்போது புல்நுனி வெளுத்திருக்கும். அங்கே முளைத்த சோலைக் கன்று கருகிப்போகும். கோடைத் தீ மிச்சத்தை முடிக்கும். சோலைக்குள்ளோ மேலே கவிந்த இலைக்கூரை வெப்பத்தை வெளியே விடாது; காலடியில் இலைமட்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தாய்மரத்தின் நிழல்தான் கன்றுக்கு உயிர். அதனால் சோலை விளிம்பிலிருந்து அங்குலம் அங்குலமாகத்தான் நகர முடியும். உள்ளே மரங்கள் குட்டையாய், முறுக்கிய கிளைகளோடு, பாசி போர்த்தி நிற்கும். காட்டுப் பூவரசு ஒன்றுதான் துணிச்சல்காரன்: தடித்த பட்டையோடு புல்வெளியில் தனித்து நின்று சிவப்பாய்ப் பூக்கும். அதன் நெருங்கிய உறவு இமயமலையில் இருக்கிறது.

ஆங்கிலேயர் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) வந்தன. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைகளுக்கும் என்று சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டோம். உறைபனியைத் தாங்கும் சீகை, புல்லை மூடிக்கொண்டு போகிறது. இழப்பு புல்லோடு நிற்பதில்லை: பவானி ஆறும் பைக்காரா ஆறும் பிறப்பது இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்து தேக்கித் தரும் நீரில்.

மலைக்குச் செய்யும் நன்மை என்றால் மரம் நடுவது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். சீகையை அகற்றிய மேட்டில் நட வேண்டியது மரக்கன்று அல்ல, அந்த மண்ணின் புல். சோலை மரத்தை அதன் மடிப்பில், தாய்மர நிழலில் நடுவோம்.