வண்டிக் கொட்டகையில் பிறந்த கல்வி

இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் தோன்றும் என்பது தமிழ் பயில்வோர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் நெறி. தொழில்களுக்கும் இந்நெறி பொருந்தும். கை முதலில் பழகுகிறது. நூல் பின்னர் எழுதப்படுகிறது. பட்டம் அதற்கும் பின்னரே வருகிறது. பல் சுகாதாரம் பல்கலைக்கழகப் படிப்பாக வளர்ந்த வரலாறு இதற்கு நல்ல சான்று. அவ்வரலாற்றைக் காண நாம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள பிரிட்ஜ்போர்ட் நகருக்குச் செல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல் மருத்துவம் என்பது பெரும்பாலும் சொத்தையை அடைப்பதும் பல்லைப் பிடுங்குவதுமாக இருந்தது. நோய் வந்த பின் செய்யும் பணி அது. பிலடெல்பியாவைச் சேர்ந்த டி. டி. ஸ்மித் என்னும் பல் மருத்துவர், குறித்த கால இடைவெளியில் பற்களை முறையாகத் துப்புரவு செய்தால் நோயைத் தடுக்கலாம் என்று வலியுறுத்தி வந்தார். அவர் கருத்தால் ஈர்க்கப்பட்டவர் பிரிட்ஜ்போர்ட் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ். ஆனால் ஒவ்வொருவர் வாயிலும் படிந்த பற்காரையை மருத்துவரே பொறுமையாகச் சுரண்டி எடுப்பதென்றால் நாள் போதாது. ஆகவே 1906-இல் தம் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமனுக்கு அப்பணியைக் கற்றுக்கொடுத்தார். இத்துறையின் முதல் மாணவி அவரே எனலாம்.

மருத்துவர் அல்லாத ஒருவர் நோயாளியின் வாயில் கருவியை வைக்கலாமா என்னும் வினா உடனே எழுந்தது. 1907-இல் கனெக்டிகட் மாநிலத்தின் பல் மருத்துவச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமம் இல்லாதோர் பல் மருத்துவம் செய்வதைத் தடுத்த அத்திருத்தம், பற்களைத் துப்புரவு செய்யும் பணியை மட்டும் உதவியாளர்க்கு அனுமதித்தது. தடைக்குள் வைக்கப்பட்ட ஒரு சிறு விலக்கு, பின்னர் ஒரு தொழிலின் வாயிலாயிற்று.

இதே காலத்தில் நிகழ்ந்த வேறொரு முயற்சியை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1910-இல் சின்சினாட்டி நகரிலிருந்த ஒஹாயோ பல் அறுவைக் கல்லூரி, பல் மருத்துவத் தாதியர்க்கும் உதவியாளர்க்கும் ஒரு படிப்பைத் தொடங்கியது. முறையான கல்லூரி, பாடத்திட்டம், ஆசிரியர் என யாவும் இருந்தன. ஆயினும் அம்மாநிலப் பல் மருத்துவர்கள் எதிர்த்தனர். 1914-க்குள் அப்படிப்பு கைவிடப்பட்டது. கல்லூரியின் பெயர் அதனைக் காக்கவில்லை.

பிரிட்ஜ்போர்ட்டில் கல்லூரியே இல்லை. 1913 நவம்பரில் ஃபோன்ஸ் தம் வண்டிக் கொட்டகையை வகுப்பறையாக்கினார். பள்ளி ஆசிரியைகள், தாதியர், அனுபவம் பெற்ற உதவியாளர்கள், பல் மருத்துவர்களின் மனைவியர் ஆகியோர் மாணவியராக வந்தனர். ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களைச் சார்ந்த அறிஞர்கள் அக்கொட்டகைக்கு வந்து விரிவுரை நிகழ்த்தினர். மாதிரி உருவங்களில் கைபழகிய பின்னரே மாணவியர் மனிதரிடம் வந்தனர். 1914-இல் 27 பேர் படிப்பை முடித்து வெளிவந்தனர். சின்சினாட்டியில் இல்லாத இரண்டு இங்கு இருந்தன: பணிக்கு இடம் கொடுத்த சட்டம் ஒன்று; படித்தவர்க்கு வேலை தந்த பொதுத்தேவை மற்றொன்று.

பெயரிலும் ஃபோன்ஸ் கருத்தாக இருந்தார். 'பல் தாதி' என்னும் சொல்லை அவர் ஏற்கவில்லை. தாதி என்றவுடன் நோய்ப்படுக்கை நினைவுக்கு வரும். இவர்களோ நலத்தோடு தொடர்புற்றவர்கள். எனவே கிரேக்கரின் நலத்தெய்வமான ஹைஜீயாவின் பெயரிலிருந்து வந்த 'ஹைஜீனிஸ்ட்' என்னும் சொல்லைக் கொண்டார். தமிழில் நாம் 'துப்புரவு' என்று சொல்லும்போது துடைக்கும் கை மட்டுமே தெரிகிறது. அக்கைக்குப் பின்னுள்ள கல்வி தெரிவதில்லை. ஃபோன்ஸ் அஞ்சியதும் இதனையே.

பட்டம் பெற்றவருள் பலர் பிரிட்ஜ்போர்ட் நகரப் பள்ளிகளுக்குச் சென்றனர். குழந்தைகளின் பற்களைத் தூய்மை செய்ததோடு, தூரிகையைப் பிடிக்கும் முறையை வகுப்பறையிலேயே பயிற்றுவித்தனர். படவிளக்குக் கொண்டு பாடம் நடத்தினர். பல் மருத்துவரிடம் செல்ல வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளைத் தேடி மருத்துவமே பள்ளிக்கு வந்தது. 1917-இல் ஐரீன் நியூமன் இத்தொழிலுக்குரிய உலகின் முதல் உரிமத்தைப் பெற்றார்.

பல்கலைக்கழகங்கள் இதற்குப் பின்னரே விரைந்து வந்தன. 1916-இல் கொலம்பியாவிலும், 1921-இல் மிச்சிகனிலும் படிப்புகள் தொடங்கின. அதே 1916-இல் ஃபோன்ஸின் பாடநூலும் வெளிவந்தது. தொடக்கத்தில் ஓராண்டுப் பயிற்சியாக இருந்தது, 1947-இல் வகுக்கப்பட்ட தரவிதிகளால் குறைந்தது ஈராண்டுப் படிப்பாயிற்று; பின்னர் இளநிலை, முதுநிலைப் பட்டங்களும் வந்தன. 1949-இல் ஃபோன்ஸின் பெயரிலேயே பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்விநிலையம் அமைந்தது. 1938-இல் மறைந்த அவர் அதனைக் காணவில்லை. 1950-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பைத் தொடங்கியவர் எஸ்தர் வில்கின்ஸ். அவர் 1959-இல் வெளியிட்ட நூல் பல தலைமுறை மாணவர்க்கு இலக்கணமாயிற்று. 2016-இல், தம் நூறாம் வயதில், அவர் மறைந்தார்.

தலை, கழுத்து உடற்கூறு, நுண்ணுயிரியல், ஈறு நோய்கள், மருந்தியல், கதிர்ப்படம் எனப் பாடங்கள் விரிந்தன. ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து நோயின் ஆழத்தை அறிவது இக்கல்வியின் உயிர்நாடி. ஆயினும் கற்றது எவ்வளவு என்பது ஒன்று; செய்ய விடுவது எவ்வளவு என்பது வேறொன்று. மரக்கச் செய்யும் ஊசியைப் போடும் உரிமையை 1971-இல்தான் வாஷிங்டன் மாநிலம் முதன்முதலில் இவர்களுக்கு அளித்தது. பெண்களின் கை மென்மையானது, அவர்கள் கட்டளைக்கு அடங்குவர் என்னும் எண்ணத்தால் தொடக்கத்தில் பெண்களுக்கே ஒதுக்கப்பட்ட தொழில் இது. அந்த ஒதுக்கீடே அவர்களுக்குக் கல்வியின் கதவைத் திறந்தது; மருத்துவரின் மேற்பார்வை என்னும் வேலியையும் அதுவே உயர்த்தியது.

இந்தியாவில் 1948-இல் இயற்றப்பட்ட பல் மருத்துவர் சட்டமும் இத்தொழிலை வரையறுத்தது: காரையை நீக்குதல், பல்லைத் தூய்மை செய்தல், மெருகிடுதல், பல் நலம் பற்றிக் கற்பித்தல். அச்சட்டத்தின் நான்காவது சொல்லை நாம் கருத வேண்டும். ஃபோன்ஸின் கொட்டகையிலிருந்து புறப்பட்டவர்கள் பள்ளிகளில் செய்த பணி அதுவே. ஆனால் இங்கு இக்கல்வி பெரிதும் ஈராண்டுப் பட்டயப் படிப்பாகவே வளர்ந்தது. நாம் பல் மருத்துவரை நாடுவதும் பெரும்பாலும் வலி வந்த பின்னரே. வலி வருமுன் வந்து கற்பிப்பவருக்கு மதிப்பளிக்காத சமூகத்தில் எந்தப் பட்டமும் தாளாகவே நின்றுவிடும் என்பதற்குச் சின்சினாட்டி சான்று. மதிப்பளித்தால் கொட்டகையும் கல்லூரியாகும் என்பதற்குப் பிரிட்ஜ்போர்ட் சான்று.