வலியின் வழித்தடம்

மனிதன் தோன்றிய நாளிலேயே வலியும் தோன்றிற்று. ஆயினும் உடம்பினுள் அவ்வலி எவ்வழியே செல்கிறது என்பதை மருத்துவர்கள் கண்டறிந்து இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவ்வழியை அடைப்பதற்கு அவர்கள் செய்த முயற்சிகளையும், நாம் வாழும் திருவனந்தபுரத்துக்கு அவற்றில் உள்ள பங்கையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். புற்றுநோய் எட்டிப் பாராத குடும்பம் நம்மிடையே அரிதாகிவிட்ட இந்நாளில், இவ்வரலாறு வெறும் பொழுதுபோக்கன்று.

முதுகெலும்பின் நடுவே ஓடும் தண்டுவடமே உடம்பினின்று மூளைக்குச் செல்லும் பெருவழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரவுன் செக்கார் என்னும் அறிஞர் ஒரு புதுமையைக் காட்டினார். தண்டுவடத்தின் ஒரு பாதி அறுபட்டால், அதற்கு எதிர்ப்புறத்து உடம்பில் வலியுணர்வு மறைகிறது என்பதே அது. ரயில்வேத் தொழிலில் உள்ளோர்க்கு இதனை விளக்குவது எளிது. ஒரு தடத்தில் வந்த வண்டி, நிலையத்தருகே பாயின்ட் மாறி அடுத்த தடத்தில் ஏறுவதுபோல, வலியைச் சுமந்துவரும் நரம்பிழைகள் தண்டுவடத்தை அடைந்த சிறிது தொலைவிலேயே மறுபுறம் தாண்டி, அதன் முன்பக்கவாட்டுப் பகுதி வழியே மேலேறுகின்றன. தொடுவுணர்ச்சியின் பெரும்பகுதியோ பின்புறத்தில் வேறு தடத்தில் செல்கிறது.

1905-ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வில்லியம் ஸ்பில்லர் ஒரு நோயாளியின் வரலாற்றை வெளியிட்டார். அந்நோயாளிக்கு உடம்பின் கீழ்ப்பகுதியில் வலியும் சூடும் குளிரும் தெரியாமற் போயிருந்தன. இறந்தபின் ஆராய்ந்ததில், தண்டுவடத்தின் முன்பக்கவாட்டில் காசநோய்க் கட்டிகள் இருந்தமை தெரியவந்தது. நோய் தற்செயலாகச் செய்ததை மருத்துவன் அறிந்தே செய்தால் என்ன என்று ஸ்பில்லர் எண்ணினார். 1911-இல் பிலடெல்பியா நகரில், அவர் தூண்டுதலால் அறுவை மருத்துவர் எட்வர்டு மார்ட்டின் தண்டுவடத்தின் அப்பகுதியை மட்டும் கத்தியால் துண்டித்து, தீராத வலிக்குத் தீர்வு கண்டார். ‘கார்டாட்டமி’ என்று வழங்கும் சிகிச்சை இவ்வாறு பிறந்தது.

இச்சிகிச்சையால் நிம்மதியாக உறங்கினோர் பலர். ஆனால் இதற்கு முதுகெலும்பைத் திறந்தாக வேண்டும். நலிந்த புற்றுநோயாளிக்கு அது பெருஞ்சுமை. 1963-இல் சிகாகோவில் ஷான் மல்லன் என்பார், கழுத்தின் பக்கத்திலிருந்து ஊசி ஒன்றைச் செலுத்தி, முதுகைத் திறவாமலே அதனைச் செய்யும் முறையைக் கண்டார். 1965-இல் ரோசோமாப் என்பார் ஊசிமுனையில் மின்னலைகளால் சூடேற்றி அவ்விழைகளைக் கருக்கும் முறையைக் கொணர்ந்தார். இம்முறையில் நோயாளி விழித்திருக்க வேண்டும். மெல்லிய மின்சாரம் செலுத்தப்படும்போது எங்கே, எவ்வாறு உணர்கிறார் என்று அவர் சொன்னால்தான் ஊசி உரிய இடத்தை அடைந்தது என்று மருத்துவர் துணிய முடியும். நோயாளியின் சொல்லே அங்கு வழிகாட்டி.

இதற்கும் குறைகள் உண்டு. வலியின் தடத்தை ஒட்டியே கைகால்களை இயக்கும் தடமும் செல்வதால், சிறிது பிசகினும் கால் தளரக்கூடும். சிறுநீர் கழிப்பதில் இடர் நேரலாம். கழுத்துப் பகுதியில் இருபுறமும் செய்தால் உறக்கத்தில் மூச்சு தடைப்படலாம். பல மாதங்கள் கழிந்தபின் வலி மீள்வதும் உண்டு. ஆதலின் வாழ்நாள் குறுகிய புற்றுநோயாளிகளுக்கு, அதுவும் உடம்பின் ஒருபுறத்து வலிக்கே, இதனைப் பெரிதும் பரிந்துரைத்தனர். மேலும், இதற்குத் தேர்ந்த மருத்துவர் வேண்டும். நம் நாட்டில் மூளை, நரம்பு அறுவைத் துறை வேரூன்றியதே 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி, 1950-இல் சென்னையில் பி. ராமமூர்த்தி ஆகியோர் பணிதொடங்கிய பின்னர்தான். நாடெங்கும் வலியால் துடிப்போர் அனைவருக்கும் கத்தியும் ஊசியும் எட்டுவது எங்ஙனம்?

விடை பழைய மருந்தொன்றில் இருந்தது. அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்பின் தங்கி வேலை செய்யும் இடங்கள் நரம்பு மண்டலத்தில் உள்ளன என்பது 1973-இல் உறுதியாயிற்று. தண்டுவடத்திலும் அவை இருப்பதால், 1979-இல் அமெரிக்க மருத்துவர்கள் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலேயே மார்பினைச் செலுத்திப் புற்றுநோய் வலியைத் தணித்தனர். வாயால் உண்ணும் 300 மில்லிகிராம் செய்யும் வேலையை அங்கே ஏறத்தாழ 1 மில்லிகிராம் செய்யும் என்பது மருத்துவர் கணக்கு. தடத்தை வெட்டாமலே வண்டியை நிறுத்தும் வழி இது. 1986-இல் உலக சுகாதார நிறுவனம், வாயால் உண்ணும் மார்பினையே முறைப்படி, மணி தவறாமல் கொடுத்துவந்தால் பெரும்பாலான புற்றுநோய் வலியை அடக்கலாம் என்று உலகிற்கு எடுத்துரைத்தது.

ஆனால் நம் நாட்டில் நிகழ்ந்ததோ நேர்மாறு. உலகிற்கே மருந்துக்கான அபினியை விளைவித்துத் தரும் இந்தியாவில், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பினைக் கைவிட்டன. ஆண்டுக்குப் பல நூறு கிலோவாக இருந்த அதன் மருத்துவப் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சுருங்கிற்று. விளைத்தவன் வீட்டில் நெல் இருந்தும் குழந்தை பசித்திருந்த கதைதான்.

இவ்விருளில் விளக்கேற்றியவற்றுள் நம் ஊரும் ஒன்று. 1981-இல் இங்கு டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் தலைமையில் தோன்றிய வட்டாரப் புற்றுநோய் மையம், அதாவது நாம் ஆர்.சி.சி. என்றழைக்கும் மருத்துவமனை, அந்தப் பத்தாண்டிலேயே வலி தணிக்கும் பிரிவைத் தொடங்கியது. 1993-இல் கோழிக்கோட்டில் மயக்கமருந்து மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் தோழர்களும் வலி தணிப்புச் சங்கம் கண்டனர். அவரே 2003-இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ என்னும் அமைப்பை நிறுவினார். கேரள அரசு 2008-இல் இப்பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இவர்களைப் போன்றோரின் இடையறா முயற்சியால் 2014-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, மார்பின் பெறும் வழியை எளிதாக்கியது.

நிற்க. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சிகிச்சைச் சலுகைச் சீட்டுடன் ரயிலேறி இங்கு வரும் நம்மவரை நாம் நன்கறிவோம். அவர்களுள் பலர் வலியைச் சொல்லுவதில்லை. பொறுத்தல் பெருமை என்று எண்ணுவோரும், மார்பின் உண்டால் அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சுவோரும் உளர். மருத்துவர் மேற்பார்வையில் வலிக்கு ஏற்ற அளவில் உண்போர் அங்ஙனம் ஆவது அரிது. பெரிதும் நேர்வது மலச்சிக்கல், அதற்கும் மருந்துண்டு. தூக்கமும் உணவும் பறிபோகுமாறு வலியைத் தாங்குவதில் ஒரு பெருமையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு என வலிக்கு நம் தமிழில் எத்தனை சொற்கள்! அவை அலங்காரச் சொற்கள் அல்ல. எரிச்சலாகவும் மின்வெட்டுப்போலவும் தோன்றும் நரம்பு வலிக்கு மார்பின் மட்டும் போதாது, வேறு மருந்தும் வேண்டும். ஒருபுறத்து வலி எம்மருந்துக்கும் அடங்காவிடில், பழைய கார்டாட்டமியை இன்றும் சில நாடுகளில் நாடுகின்றனர். ஆகவே வலி எவ்விடத்தது, எத்தன்மையது என்பதை மலையாளம் பேசும் மருத்துவருக்கு விளங்கச் சொல்ல ஒருவர் வேண்டும். இரு மொழியும் பேசும் நாம் அன்றி அப்பணிக்குரியார் யார்? ஊரிலிருந்து நோயாளியுடன் உறவினர் வந்தால், நம் வீட்டில் ஒருவேளை உணவிட்டு அனுப்புவதோடு நில்லாமல், மருத்துவரின் அறைவரை உடன் சென்று அவர் சொல்லும் வலியை உள்ளவாறே மொழிபெயர்த்துக் கூறுவோமாக.