இதுக்குக்கூடவா ஒரு பரீட்சை?

போன மாதம் அக்கா மகளுக்குப் பிரசவம். இரண்டாம் நாள், குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வவில்லை என்று ஒரு தாய்ப்பால் ஆலோசகர் வந்தார். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டிவிட்டுப் போனார். அவர் கிளம்பியதும் பெரியம்மா, "இதுக்குக்கூடப் படிச்சுட்டு வர்றாங்களா? நாங்கல்லாம் யாரைக் கேட்டுக் குடுத்தோம்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பையன் பிறந்த மூன்றாம் நாள், "பால் பத்தல" என்று ஒரே வரியில் சொல்லி அவள் கையில் பவுடர் டப்பாவைக் கொடுத்தார்கள். நானும் மறு கேள்வி கேட்கவில்லை. அந்த ஞாபகத்தோடுதான் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். டாக்டர்கள் உருவாக்கிய துறையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இது அம்மாக்கள் உருவாக்கியது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1956 கோடை. இல்லினாய் மாநிலத்தில் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஊரின் பூங்காவில் ஒரு பிக்னிக். மேரி வைட், மரியன் டாம்ப்சன் என்ற இரண்டு பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்த மற்ற பெண்கள் ஒவ்வொருவராக அவர்களிடம் வந்து, "எனக்கும் ஆசைதான், முடியாமப் போச்சு" என்ற மாதிரி சொன்னார்களாம். அத்தனை பேருக்குமா உடம்பில் கோளாறு இருக்கும்?

அந்தக் காலத்தில் அங்கே தாய்ப்பால் குடித்த குழந்தைகள் ஐந்தில் ஒன்றுதான் என்கிறார்கள். காரணங்கள் பல. 1867-லேயே சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே குழந்தைகளுக்கான பால்மாவை விற்கத் தொடங்கியிருந்தார். பிறகு பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. தாய் ஒரு அறையில், குழந்தை இன்னொரு அறையில். எல்லாவற்றுக்கும் மேல் கடிகாரம். 1894-ல் லூதர் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவர் எழுதிய வளர்ப்புக் கையேடு பல பதிப்புகள் ஓடியது. அதுவும் அதைத் தொடர்ந்து வந்தவையும் நேரம் பார்த்துத்தான் பால் கொடுக்க வேண்டும் என்பதைச் சட்டம் மாதிரி ஆக்கின. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் என்பது வழக்கமானது.

சிக்கலே இந்த நாலு மணி நேரத்தில்தான் இருக்கிறது. மார்பு ஒரு தொட்டி அல்ல, நிரம்பும்வரை காத்திருப்பதற்கு. குழந்தை சப்பும்போதுதான் பால் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. உள்ளே பால் தேங்கி நின்றால் உற்பத்தி குறைகிறது. எடுக்க எடுக்கத்தான் ஊறும். பிறந்த குழந்தை பொதுவாக ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். நாலு மணிக் கணக்கில் அதிகபட்சம் 6. நடுவில் புட்டிப்பால் கொடுத்தால் சப்புவது இன்னும் குறையும். அப்புறம் நிஜமாகவே பால் பத்தாது. விதியே குறையை உண்டாக்கிவிட்டு, அந்தக் குறையைத் தாயின் பேரில் எழுதியது.

1956 அக்டோபரில் ஃபிராங்ளின் பார்க்கில் மேரி வைட்டின் வீட்டில் முதல் கூட்டம் நடந்தது. நிறுவியவர்கள் ஏழு பெண்கள். மார்பு என்ற சொல்லைப் பத்திரிகை அறிவிப்பில் போட முடியாத காலம் அது. அதனால் ஃபுளோரிடாவில் உள்ள ஒரு மாதா ஆலயத்தின் ஸ்பானியப் பெயரிலிருந்து எடுத்து 'லா லெச்சே லீக்' என்று வைத்தார்கள். லெச்சே என்றால் பால். மேரியின் கணவர் கிரெகரி வைட் ஒரு டாக்டர். அவர் ஆலோசனை சொன்னார், ஆனால் கூட்டத்தை நடத்தியது அம்மாக்கள். எப்படிப் பிடிப்பது, காம்பில் புண் வந்தால் என்ன செய்வது, எந்த அழுகை பசி என்று தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னார். 1958-ல் தாங்களே ஒரு கையேடும் போட்டார்கள்.

வருஷங்கள் போகப் போக, குறைமாதக் குழந்தை, பிளவுண்ட அண்ணம் என்று சிக்கலான கேஸ்கள் வந்தன. ஆஸ்பத்திரிக்குள் போய் உதவ அனுபவம் மட்டும் போதவில்லை. "நீங்க யாரு?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. லீக் கடன் கொடுத்து உதவ, 1985-ல் ஒரு சர்வதேசத் தேர்வு வாரியம் உருவானது. அந்த ஆண்டு ஜூலையில் முதல் பரீட்சை. 'லாக்டேஷன் கன்சல்டன்ட்' என்ற தொழில் அப்படித்தான் சான்றிதழோடு வந்தது.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. மரத்தடியில் இலவசமாகக் கிடைத்தது, இப்போது கட்டணம் கட்டிப் பெறும் சேவையாகவும் ஆகிவிட்டது. ஆனால் பழைய வழி செத்துவிடவில்லை. லீக்கின் வழிநடத்துநர்கள் இன்றும் தன்னார்வலர்கள்தான். இந்தியாவில் 2016-ல் தொடங்கிய 'மா' திட்டத்திலும் ஆஷா பணியாளர்கள் கிராமங்களில் தாய்மார் கூட்டம் நடத்துகிறார்கள்.

பெரியம்மா சொன்னதில் தப்பில்லை. அவர் யாரையும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மா, பாட்டி, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா என்று அவரைச் சுற்றிலும் பால் கொடுத்துப் பழகிய ஆட்கள் இருந்தார்கள். அந்த வட்டம் கலைந்த இடத்தில்தான் ஆலோசகர் தேவைப்படுகிறார்.

சில பெண்களுக்கு உண்மையிலேயே பால் போதாமல் இருக்கும். அப்போது பவுடர்தான் குழந்தையைக் காப்பாற்றும். என் மனைவி அந்தச் சிலரில் ஒருவரா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் என்பது சீம்பால் மாறிப் பால் இறங்கத் தொடங்கும் நேரம், தீர்ப்பு எழுதும் நேரம் அல்ல என்பதை மட்டும் படித்துத் தெரிந்துகொண்டேன். அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு யாராவது ஒருத்தர் அரை மணி நேரம் உக்காந்திருக்கலாம்" என்றாள்.

அந்த யாராவது ஒருத்தராக அன்றைக்கு நானே இருந்திருக்கலாம்.