எஃகு அலமாரியில் பிறந்த நிரல் நூலகம்

1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. தன் நிரல்களில் பிழை தேடுவதிலேயே மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்துவிடும் என்று அதை உருவாக்கிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸுக்கு விரைவிலேயே உறைத்தது. சரிபார்த்த துணைநிரல்களை, அதாவது குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்களை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அந்தப் பாடு குறையும். அதற்கான நுட்பத்தை அவர் குழுவிலிருந்த டேவிட் வீலர் வகுத்தார்.

துணைநிரல்களைப் பதிந்த துளையிட்ட காகித நாடாக்கள் எஃகு அலமாரி ஒன்றில் அடுக்கப்பட்டன. வேண்டியதை எடுத்துத் தன் நாடாவில் படியெடுத்துக்கொள்ளலாம். 1951-க்குள் 87 துணைநிரல்கள் சேர்ந்தன. அதே ஆண்டு வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் எழுதிய நூல், துணைநிரல்கள் பிடிக்கும் இடத்தையும் ஓடும் நேரத்தையும் பட்டியலிட்டது. நூலகத்தின் உண்மையான பலம் அந்தப் பட்டியல்தான். பொருளின் தரம் தெரியாமல் எதைத் தேர்ந்தெடுப்பது?

1968-இல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டில் கணினி அறிஞர் டக்ளஸ் மெக்கில்ராய் இப்படித் தரம் குறித்த கூறுகளையே பெரிய அளவில் கேட்டார். ஒரே சைன் கணக்கீட்டுக்குக்கூடத் துல்லியம், வேகம், உறுதி ஆகியவற்றின்படி தரம் பிரித்த பல வகைகள் வேண்டும் என்றார்.

1985-இல் கணித நிரல்களுக்கான நெட்லிப், 1995-இல் பெர்ல் மொழிக்கான சிபேன் எனத் தொகுப்புகள் பெருகின. தேடுவது எளிதானது, மதிப்பிடுவது பின்தங்கியது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்டுக்கான என்பிஎம் தொகுப்பிலிருந்து விலக்கியதும், அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் தடுமாறின.

பிறர் எழுதிய கூறு ஒன்றை உங்கள் நிரலில் சேர்க்கும் முன் அதைப் பராமரிப்பவர் யார், அது எவற்றை நம்பியிருக்கிறது என்று பாருங்கள்.